புற்றுநோய் மரபணுச் சோதனை: வீட்டில் யார் முதலில் ரத்தம் கொடுப்பது?

எங்கள் வீட்டில் மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுத்த வரிசையே தப்பாகப் போனது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இந்தச் சோதனை பற்றி எங்கே பேச்சு வந்தாலும் எந்த லேப், எவ்வளவு ரூபாய், எத்தனை ஜீன் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள், யார் முதலில் கொடுக்க வேண்டும் என்பது கடைசியில்தான் வருகிறது, சில வீடுகளில் வருவதே இல்லை.

போன வருஷம் மும்பைக்குப் பக்கத்தில் டோம்பிவிலியில் இருக்கும் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. வயது 41. டிரிப்பிள் நெகட்டிவ் வகை, அதாவது வழக்கமான ஹார்மோன், ஹெர்2 மருந்துகள் வேலை செய்யாத வகை. நான் செம்பூரில் இருக்கிறேன், அப்போது எனக்கு 38. அன்று ராத்திரி தூக்கம் வராமல் ஃபோனில் தேடி, குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினால் வீட்டுக்கே ரிசல்ட் வரும் என்ற ஒரு கிட்டை ஆர்டர் செய்தேன். ஆபத்தான மாற்றம் எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது, அம்மாவிடம் காட்டி இரண்டு பேரும் அழுதோம். ஆறு மாதம் கழித்து முறையாக ரத்தம் கொடுத்தபோது, அக்காவுக்கு இருக்கும் அதே மாற்றம் எனக்கும் இருக்கிறது என்று வந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. புற்றுநோய்களில் 100க்கு 5 முதல் 10 வரைதான் பரம்பரையாக வருபவை, மற்றவை அப்படி இல்லை. மார்பகம், சினைப்பை என்றால் முதலில் பார்ப்பது பிராக்கா 1, பிராக்கா 2 என்று டாக்டர்கள் சொல்லும் இரண்டு மரபணுக்களை. 1994லும் 1995லும் அடையாளம் கண்டார்கள். உடைந்த டிஎன்ஏவைச் சரி செய்கிற வேலை இவற்றுடையது, அதில் ஒன்று பழுதாகப் பிறந்தால் பிராக்கா 1 உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 100க்கு 72 வரையும் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 44 வரையும் போகும் என்று 2017ல் வந்த பெரிய ஆய்வு சொன்னது. பிராக்கா 2 என்றால் 69, 17. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, அது அப்பா வழியாகவும் வரும். குடல், கர்ப்பப்பைப் புற்றுநோய் ஒரே குடும்பத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அது லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற வேறு கதை, வேறு மரபணுக்கள்.

சரி, முதல் ஒப்பீடு. நோய் வந்தவரைச் சோதிப்பதா, பயத்தில் இருக்கும் ஆரோக்கியமானவரைச் சோதிப்பதா?

நான் செய்தது இரண்டாவது. ரொம்பப் பேர் அதைத்தான் செய்கிறார்கள், ஏனென்றால் நோயாளி ஏற்கெனவே கீமோவில் வாடிக் கிடக்கிறார், அவரை இன்னொரு ஊசிக்கு இழுப்பானேன் என்று மனசு கேட்காது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆரோக்கியமான எனக்கு, நல்ல லேபில் முழுச் சோதனையே செய்து, ஒன்றும் இல்லை என்று வந்தால்கூட அதற்கு இரண்டு அர்த்தம் இருக்க முடியும். அக்காவுக்கு ஒரு மாற்றம் இருந்து அது எனக்கு வராமல் போயிருக்கலாம், அல்லது எங்கள் குடும்பத்தில் ஓடுவது இந்தச் சோதனையில் சிக்காத வேறு ஏதாவதாக இருக்கலாம். எது என்று அந்தக் காகிதத்தால் சொல்ல முடியாது. அக்காவை முதலில் சோதித்து, இன்ன மரபணுவில் இன்ன இடத்தில் இன்ன எழுத்து மாறியிருக்கிறது என்று கையில் வந்துவிட்டால், அதற்குப் பிறகு எனக்கும் தம்பிக்கும் அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும். இல்லை என்றால் நிஜமாகவே இல்லை, ஊரில் எல்லாப் பெண்களுக்கும் உள்ள அதே அளவு ஆபத்துதான். விலையும் இறங்கிவிடும். அக்காவின் பேனலுக்கு, அதாவது பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, 22,000 ரூபாய் கொடுத்தோம், எனக்கு அந்த ஒரு இடத்தைப் பார்க்க 5,000 ஆனது.

அதைவிடப் பெரிய காரணம், ரிசல்ட் நோயாளிக்கே உதவும். பிராக்கா மாற்றம் இருக்கிறது என்று தெரிந்தால் ஒலபாரிப் மாதிரி, பிராக்கா பழுதான கட்டியைக் குறிவைக்கும் மருந்துகள் கணக்கில் வரும், பிளாட்டினம் சேர்ந்த கீமோ மருந்துகள் பற்றிப் பேச்சு வரும், மறுபக்க மார்பகத்தை என்ன செய்வது என்று ஆபரேஷனுக்கு முன்னாலேயே யோசிக்க முடியும். அக்காவுக்கு இந்த ரிசல்ட் இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் ஒரே ஆபரேஷனில் முடித்திருக்கலாம் என்று அத்தான் இன்னமும் சொல்வார். சினைப்பைப் புற்றுநோய் வந்த எல்லோருக்கும், டிரிப்பிள் நெகட்டிவ் வகை வந்தவர்களுக்கு, 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு, மார்பகப் புற்றுநோய் வந்த ஆண்களுக்கு, கணையப் புற்றுநோய் வந்தவர்களுக்குச் சோதனை செய்ய வேண்டும் என்றுதான் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. டாக்டர் சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். நோயாளி ரொம்ப முடியாமல் இருந்தால் ரத்தத்தை மட்டுமாவது எடுத்து டிஎன்ஏவைப் பிரித்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். எங்கள் பெரியம்மா அம்பாசமுத்திரத்தில் வயிறு வீங்கி, நீர் கோத்து, 'வயிற்றுக் கட்டி' என்று சொல்லி 49 வயதில் போனார். அது சினைப்பையாகத்தான் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை, ஒரு துண்டு ரிப்போர்ட்டும் இல்லை.

நோய் வந்தவர் யாருமே உயிரோடு இல்லை என்றால் என்ன செய்வது? அப்போது நெருங்கிய ரத்த உறவில் மூத்தவரிலிருந்து ஆரம்பிக்கலாம், ஆனால் 'இல்லை' என்று வந்தால் அதை முழு விடுதலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி எச்சில் கிட்டா, லேப் சோதனையா. எச்சில் என்பதில் தப்பு இல்லை, எச்சிலிலும் அதே டிஎன்ஏதான், நல்ல லேப்களே சில சமயம் எச்சில் வாங்குகின்றன. எதைப் படிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஒரு தடிமனான புத்தகத்தில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால், சில கிட்டுகள் முன்கூட்டியே குறித்து வைத்த சில பக்கங்களை மட்டும் திறந்து பார்த்துவிட்டுப் பிழை இல்லை என்று எழுதிவிடும். 2018ல் அமெரிக்காவில் 23அண்ட்மீ என்ற கம்பெனியின் எச்சில் கிட்டுக்கு அனுமதி கொடுத்தபோது அது பார்த்தது பிராக்காவில் மூன்றே மூன்று மாற்றங்களை, அவையும் ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. இந்த இரண்டு மரபணுக்களிலும் தெரிந்த கெடுதலான மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. (அந்த மூன்றில் ஒன்று, 185டெல்ஏஜி என்பது, இந்தியக் குடும்பங்களிலும் காணப்பட்டிருக்கிறது, ஆனால் அதை நம்பி மூன்று பக்கம் மட்டும் படிக்க முடியாது.) நான் வாங்கியது வேறு கம்பெனி, ஆனால் பிரச்சினை இதேதான், அக்காவின் மாற்றம் இருந்த இடத்தை அது பார்க்கவே இல்லை. குடும்பத்தில் புற்றுநோய் இருக்கிறவர்கள் இந்த வகைக் கிட்டை வாங்கவே வேண்டாம் என்பது என் முடிவு, இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. 'ஆம்' என்று வந்தாலும் ரத்தத்தில் மறுபடி உறுதி செய்தே ஆக வேண்டும், 'இல்லை' என்று வந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

லேப் சோதனையிலேயே பிராக்கா மட்டும் பார்ப்பதா, பல மரபணுக்கள் சேர்ந்த பேனலா என்பதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. விலை வித்தியாசம் பெரிதில்லை, எங்களுக்குச் சொன்னது பிராக்கா மட்டும் என்றால் 16,000, பேனல் என்றால் 22,000. பேனலில் பால்பி2, டிபி53, செக்2, ஏடிஎம், லிஞ்ச் மரபணுக்கள் எல்லாம் வந்துவிடும். நன்மை, ஒரே ரத்தத்தில் வேலை முடியும். தொல்லை, எவ்வளவு அதிகம் படிக்கிறோமோ அவ்வளவு அதிகமாக 'அர்த்தம் இன்னும் தெரியாத மாற்றம்' வெளியே வரும். ரிப்போர்ட்டில் வி.யு.எஸ். என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்தாலே மனசு பதறும், ஆனால் அதை வைத்து ஆபரேஷனும் செய்யக் கூடாது, சொந்தக்காரர்களைச் சோதிக்கவும் கூடாது, பின்னால் தெளிவாகும்போது பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை என்றுதான் மாறுகின்றன. உலகத்தில் சேர்ந்திருக்கும் தகவல்களில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சத்தவருடையது என்பதால் நம் ஆட்களுக்கு இந்த வி.யு.எஸ். கொஞ்சம் அதிகமாகவே வரும். அதைத் தாங்குகிற மனசும், புரிய வைக்கிற ஒரு ஆளும் இருந்தால் பேனலே மேல், அதிலும் குடும்பத்தில் மார்பகம், குடல், கர்ப்பப்பை என்று கலந்து வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். எதை எடுத்தாலும் ஒரு கேள்வி லேபிடம் கேளுங்கள்: மரபணுவில் பெரிய துண்டு அப்படியே விழுந்து போயிருந்தாலும், இரட்டித்திருந்தாலும் இந்தச் சோதனை கண்டுபிடிக்குமா? சில சோதனைகள் எழுத்துப்பிழையைப் பார்க்கும், கிழிந்துபோன பக்கத்தைப் பார்க்காது.

கட்டியில் செய்யும் சோதனையை ரத்தச் சோதனையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆபரேஷனில் எடுத்த சதையின் மெழுகு பிளாக்கில் பிராக்கா மாற்றம் இருக்கிறது என்று வந்தால் அது அந்தக் கட்டிக்குள் மட்டும் புதிதாக உண்டானதாக இருக்கலாம், பிறவியிலேயே வந்ததாகவும் இருக்கலாம். பிள்ளைகளுக்குப் போகுமா என்பதற்கு ரத்தம்தான் பதில்.

எங்கே செய்வது? மும்பையில் இருக்கிறவர்களுக்கு ஒரு நல்ல வழி, டாடா. பரேல் டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரியும் கார்கரில் அதைச் சேர்ந்த ஆக்ட்ரெக் ஆராய்ச்சி மையமும் புற்றுநோய் மரபணுவுக்கென்றே கிளினிக் நடத்துகின்றன. செம்பூரிலிருந்து கார்கருக்கு ஹார்பர் லைனில் பன்வேல் வண்டி ஏறினால் நேராகப் போகலாம். தனியார் லேப் என்றால் வீட்டுக்கே ஆள் வந்து ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்துக்கொண்டு போவார், சில வாரங்களில் மெயிலில் பிடிஎஃப் வரும். வேகமும் வசதியும் தனியார் பக்கம். ஆனால் நான் கவுன்சலிங்குக்குத்தான், அதாவது குடும்பக் கதையைக் கேட்டு ரிசல்ட்டைப் புரிய வைக்கிற பேச்சுக்குத்தான், அதிக மதிப்பெண் கொடுப்பேன், அது எங்கே உருப்படியாகக் கிடைக்கிறதோ அங்கே போங்கள். ஃபோனில் பத்து நிமிஷம் படித்துக் காட்டுவது கவுன்சலிங் இல்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், குடும்ப மரம் வரையும்போதுதான் எங்களுக்குப் பாதி விஷயமே வெளியே வந்தது. கவுன்சலர் மராத்திக்காரப் பெண். அவர்களுக்கு மாவ்ஷி என்றால் அம்மாவின் சகோதரி, காக்கு என்றால் சித்தப்பா, பெரியப்பாவின் மனைவி, ஆத்யா என்றால் அப்பாவின் சகோதரி, தெளிவாக இருக்கிறது. நாங்கள் 'சித்தி' என்றோம், அது அம்மாவின் தங்கையா, சித்தப்பாவின் மனைவியா? 'அத்தை' என்றோம், அப்பாவின் சகோதரியா, மாமாவின் மனைவியா? ஒருவர் ரத்த உறவு, இன்னொருவர் கல்யாணத்தில் வந்தவர், மரபணுக் கணக்கில் இரண்டும் இரண்டு உலகம். ஆகவே போவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து, பெயர், யாருடைய பிள்ளை, என்ன நோய், எந்த வயதில் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அம்மாவுக்கு 42 வயதில் கர்ப்பப்பை எடுத்தபோது இரண்டு சினைப்பைகளையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள் என்பது அங்கே உட்கார்ந்து பேசும்போதுதான் எனக்கே தெரிந்தது. அம்மா இத்தனை வருஷம் நன்றாக இருப்பதால் அம்மா வழியில் ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தோம், சினைப்பையே இல்லாததால் தப்பித்திருக்கலாம் என்பது அப்போதுதான் புரிந்தது.

இன்னொன்று, நம் ஆட்கள் மறைக்காமல் சொல்ல வேண்டியது, சொந்தத்தில் கல்யாணம். அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். அம்மாவின் அப்பாவும் அப்பாவின் அம்மாவும் உடன்பிறந்தவர்கள். அதனால் அக்காவுக்கு வந்த மாற்றம் எந்தப் பக்கத்திலிருந்து என்று சும்மா ஊகிக்க முடியாது, தாத்தாவிடமிருந்து அம்மாவுக்கு வந்திருந்தால் அதே ஊற்று அப்பா வீட்டிலும் ஓடியிருக்கலாம். கணவன் மனைவி இருவருக்குமே பிராக்கா 2 மாற்றம் இருந்து பிள்ளை இரண்டு பக்கமும் வாங்கிவிட்டால் ஃபான்கோனி அனீமியா என்ற கடுமையான நோய் வரும். கல்யாணம் பேசுகிற வயதில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதை நினைவில் வையுங்கள்.

சோதனையே வேண்டாம், வருஷா வருஷம் ஸ்கேன் பார்த்துக்கொள்கிறேன் என்பதும் ஒரு வழிதான், அதைக் கேவலமாக நான் பார்க்கவில்லை. ரிசல்ட் வந்தாலும் எதையும் மாற்றப் போவதில்லை என்கிறவருக்கு ரிசல்ட் வெறும் பாரம். ஆனால் சினைப்பைக்கு இந்த வழி உதவாது. சிஏ 125 ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் இரண்டையும் வைத்துப் பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரணப் பெண்களிடம் நடந்த ஆய்வு 2021ல் முடிவு சொன்னது: சாவு குறையவில்லை. மார்பகத்துக்குக் கண்காணிப்பு ஒரு நிஜமான தேர்வு, சினைப்பைக்கு அப்படி இல்லை. இந்த வித்தியாசம்தான் என்னுடைய முடிவையும் தீர்மானித்தது.

பிராக்கா 1 என்றால் பிள்ளைப்பேறு முடிந்த பிறகு 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பை, கருக்குழாய் இரண்டையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள், பிராக்கா 2 என்றால் 40 முதல் 45 வரை பொறுக்கலாம். சினைப்பைப் புற்றுநோய் ஆபத்து சுமார் 80 சதவீதம் குறையும். எனக்கு இரண்டு பிள்ளைகள், 39ல் எடுத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்தே மெனோபாஸ் வந்துவிடும் என்பதை யாரும் லேசாகச் சொல்லக் கூடாது, உடம்பு திடீரென்று தகிக்கும், தூக்கம் போகும், எலும்பைக் கவனிக்க வேண்டும், ஹார்மோன் எடுப்பதா வேண்டாமா என்று தனியாக ஒரு பேச்சு. எங்கள் இன்ஷூரன்ஸ், நோய் வராத உடம்பில் செய்கிற ஆபரேஷன் என்று பணம் தர மறுத்தது, கையிலிருந்துதான் கட்டினோம். மார்பகத்தை எடுக்கவில்லை. எடுத்தால் ஆபத்து 90 சதவீதத்துக்கு மேல் குறையும் என்று தெரியும், 2013ல் ஏஞ்சலினா ஜோலி வெளியில் சொன்னது அந்த ஆபரேஷனைத்தான். வருஷத்துக்கு ஒரு எம்ஆர்ஐ, ஒரு மேமோகிராம், ஆறு மாத இடைவெளியில் மாற்றி மாற்றி. கண்காணிப்பு நோயைத் தடுக்காது, சீக்கிரம் பிடிக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு எம்ஆர்ஐக்கும் முந்தின வாரம் வீட்டில் எல்லோருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அக்கா இரண்டு பக்கமும் எடுத்துவிட்டாள். நானும் ஒருநாள் மாறலாம்.

பணத்தில் இன்னொரு வரிசைக் கணக்கும் உண்டு. மரபணு ரிசல்ட்டை வைத்துப் பாரபட்சம் காட்டக் கூடாது என்று அமெரிக்காவில் 2008ல் தனிச் சட்டம் வந்தது, அதுவும் ஆயுள் காப்பீட்டைத் தொடாது. நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆரோக்கியமாக இருப்பவர் டேர்ம் பாலிசி எடுக்க நினைத்திருந்தால் சோதனைக்கு முன்னாலேயே எடுத்துவிடுவது நல்லது. படிவத்தில் குடும்பத்து நோய் பற்றிக் கேட்டிருந்தால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

தம்பி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு எதுக்குக்கா, ஆம்பளைக்கு என்ன வரப் போகுது?" என்றான். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும், பிராஸ்டேட் ஆபத்து கூடும், இரண்டும் பிராக்கா 2ல் இன்னும் அதிகம். ஆனால் அவனை அசைத்தது அது இல்லை, நாலு வயது மகள். இந்த மாற்றம் தலைமுறை தாண்டிக் குதிக்காது, அவனுக்கு இல்லை என்றால் அவனிடமிருந்து அவளுக்கு வரவே வராது. கொடுத்தான், இல்லை என்று வந்தது. அதோடு அந்தக் கிளையில் விஷயம் முடிந்தது. என் மகளுக்கு 11 வயது, அவளை இப்போது சோதிக்கப் போவதில்லை. சின்ன வயதில் தெரிந்து செய்யக்கூடியது எதுவும் பிராக்காவில் இல்லை, மார்பக எம்ஆர்ஐயே 25 வயதில்தான் ஆரம்பம், 18க்கு மேல் அவளே முடிவு செய்யலாம்.

கடைசியாக அப்பாவும் அம்மாவும். அம்மாவுக்கு 67 வயது, இனிமேல் எனக்கு எதுக்குடி என்று தட்டிக்கொண்டே போனார். உனக்காக இல்லைம்மா, எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தான் யாரைக் கூப்பிட்டுச் சொல்வது, யாரை வீணாகப் பயமுறுத்தாமல் இருப்பது என்று தெரியும் என்றேன். இரண்டு பேரும் ஒரே நாளில் கொடுத்தார்கள். அம்மாவுக்கு இருக்கிறது, அப்பாவுக்கு இல்லை. ஆனால் அம்மாவுக்கு அது தாத்தாவிடமிருந்து வந்திருந்தால் அப்பாவின் அக்காவுக்கும் இருக்கலாம், அப்பாவுக்கு இல்லை என்பதை மட்டும் வைத்து அந்தப் பக்கத்தை விட்டுவிட முடியாது. அம்மாவுக்கும் இப்போது மேமோகிராம் தேதி குறித்தாகிவிட்டது.

போன வாரம் அம்பாசமுத்திரத்துக்கு ஃபோன் போட்டேன், அம்மாவின் தங்கை, சித்தி. அவருடைய மகளுக்கு 29 வயது, வரன் பார்க்கிறார்கள், அதனால் எப்படிப் பேசுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். விஷயத்தைச் சொன்னதும் சித்தி கேட்டது, பிள்ளையை எப்போது கூட்டிக்கொண்டு வரட்டும் என்று. பிள்ளை வேண்டாம் சித்தி, முதலில் நீங்கள் கொடுங்கள், உங்களுக்கு இல்லை என்றால் அவளுக்குச் சோதனையே தேவையில்லை என்றேன். அக்காவின் ரிப்போர்ட்டில் மாற்றம் எழுதியிருக்கும் அந்த ஒரு பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், லேப்காரர்கள் அதைப் பார்த்துத்தான் அந்த இடத்தைத் தேடுவார்கள். செவ்வாய்க்கிழமை திருநெல்வேலிக்குப் போய்ச் சித்தி ரத்தம் கொடுக்கிறார்.